பக்கத்து சீட்

தாம்பரத்தில் என் காருக்கு வெல்டிங் வைத்தவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. முழங்கை வரை தீப்பொறி சுட்ட புள்ளிகள், பாதி கருகிய புருவம். மழைத் தண்ணீரில் நாள்கணக்காக நின்ற கார் அது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கும் இடத்தில் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. துருவை வெட்டி எடுத்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இங்க யாரு சார் குந்துவாங்க?"

எந்த வண்டி வந்தாலும் இதைக் கேட்காமல் தகட்டில் கை வைக்கமாட்டாராம்.

"யாரும் இல்லண்ணா, நான் தனி ஆளு. சும்மா ஒரு தகடு வெச்சா போதும்."

கையிலிருந்த மெல்லிய தகட்டைக் கீழே போட்டுவிட்டுத் தடித்ததாக ஒன்றை எடுத்தார்.

"வூட்டு ஆளுன்னா கீழ ஓட்டை கீதுன்னு நீங்களே சொல்லிடுவீங்க சார். வழில ஏறுறவருக்கு இன்னா தெரியும்?"

வழியில் யாரையும் ஏற்றிக்கொள்கிறவன் இல்லை நான். அதை அவரிடம் சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது.

போன வாரம் பெருங்களத்தூரில், கொட்டும் மழையில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெரியவருக்காக முதல்முறையாகக் காரை நிறுத்தினேன். ஏறியவர் இரண்டு காலையும் நன்றாக ஊன்றி உட்கார்ந்தார். வண்டலூர் வருவதற்குள் தூங்கிப்போனார்.