ஜப்பான் போய்வந்த தீபா

ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். தீபாவும் அவள் அம்மா பவுனம்மாளும் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். காரைக்கால் கரையில் உள்ள மீனவக் கிராமங்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவும் நானும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். நான் டவுனில் ஒரு பள்ளிக்கூட வேலையில் சேர்ந்து தப்பித்துக்கொண்டேன். அவள் விடாமல் படித்து, மீன் விற்கும் பெண்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போனாள். அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது. ஏலக்கூடத்து வாசலில், நிழலில் உட்கார்ந்து மீன் விற்றுத்தான் பவுனம்மாள் இவளைப் படிக்க வைத்தாள். மீன் வாங்க வருகிறவர்கள் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்ல இடம்.

ஆராய்ச்சியின் ஒரு பகுதியாக மூன்று மாதம் ஜப்பானில் ஒரு துறைமுக ஊரில் களப்பணி. கூடவே தலைமைப் பயிற்சியாம். அங்கே மீனவர் சங்கக் கூட்டத்தில் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக உட்கார்ந்து வாதாடுவதைப் பார்த்து இவள் வாயடைத்துப் போனாள். பயிற்சி கொடுத்த பேராசிரியை இவளையும் எழுப்பிப் பேச வைத்தார். முதல் நாள் குரல் நடுங்கியது, கடைசி நாள் எல்லாரும் கைதட்டினார்கள். போனில் சொல்லும்போது குரலே மாறியிருந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அவள் திரும்புவதற்குள் இங்கே ஏலக்கூடத்தைப் புதிதாகக் கட்டி, வாசல் நிழலை ஐஸ் பெட்டி வைக்கும் வியாபாரி ஒருவருக்கு ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்துவிட்டது. பவுனம்மாளுக்குக் கிடைத்தது ரோட்டோர வெயில். வெயிலில் மீன் எவ்வளவு நேரம் தாங்கும்?

அந்த ஊர் வழக்கப்படி பஞ்சாயத்துக் கூட்டத்தில் பெண் கால் வைக்கக் கூடாது. ஆம்பிளை இல்லாத வீட்டுக்கு உறவுக்காரர் யாராவது பேச வேண்டும். தாய்மாமன் உத்திராபதி அந்த வேலையைத் தொடங்கியிருந்தார்.

“அவசரப்படாத புள்ள. நாட்டாருகிட்ட தனியா சொல்லி வச்சிருக்கேன். பௌர்ணமிக் கூட்டத்துல எடத்த திருப்பிக் குடுத்துடுவாங்க.”

“எங்கம்மா எடத்துக்கு எதுக்கு மாமா கெஞ்சணும்? நானே வந்து கேக்குறேன்.”

“நீ வந்தா காரியம் கெட்டுடும்.”

கேட்டாளா? கோயில் முன்னால் ஆண்கள் கூடியிருந்த வட்டத்துக்குள் நேராக நடந்துபோய் நின்றாள். குரல் உயர்த்தாமல், முகம் பார்த்து, கற்றுக்கொடுத்தபடியே அழகாகப் பேசினாளாம். கைதட்ட ஆளில்லை. “இந்தப் புள்ளய உள்ள வுட்டது யாரு?” என்று மட்டும் தலைவரான நாட்டார் கேட்டார்.

உத்திராபதி எழுந்தார். தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அவர் தூக்கி வளர்த்த பயல்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, எழச் சொல்லும்வரை மண்ணில் கிடந்தார். இடம் வியாபாரிக்கே என்று முடித்தார்கள். அன்றோடு மாமன் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்தச் சபை மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆனால் எழுந்து பேசு என்று கற்றுக்கொடுத்தவர்களும், பேசினால் யார் விழ வேண்டிவரும் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன மாதம் பயிற்சியின் பலனைப் பார்க்க அந்தப் பேராசிரியையே ஊருக்கு வந்தார். வெளிநாட்டுக்காரர் வருகிறார் என்றதும் பஞ்சாயத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ஏலக்கூடத்துக்கு எதிரே ரோட்டோரம் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘எங்கள் ஊரின் பெருமை, எங்கள் வீரமங்கை’ என்று தீபாவின் படம். கீழே நாட்டாரில் தொடங்கி ஐஸ் பெட்டிக்காரர் வரை எல்லார் முகமும் வரிசையாக. பேராசிரியை அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு பூரித்துப் போனார். தீபாவும் பக்கத்தில் நின்று சிரித்தாள். வேறென்ன செய்வாள்? மறுபடி வாய் திறந்தால் இன்னொரு முறை மாமன்தான் விழ வேண்டும்.

கார் கிளம்பியதும் ஃப்ளெக்ஸைக் கிழிக்கப் போனாள். மீன் வாங்க வந்த நான் அங்கேதான் நின்றிருந்தேன். ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் கூடையோடு உட்கார்ந்திருந்த பவுனம்மாள் எட்டி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிழிக்காதடி. மீனுக்கு இது ஒண்ணுதான் நெழலு.”