அபிஷேகக் குழாயை அறுத்த டிரைவர்

இதை எழுத உட்கார்ந்து, மனசு வராமல் எத்தனையோ வருஷம் எழுந்து போயிருக்கிறேன். ஈசன் பொறுக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. உத்திரமேரூர் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக்கு, பட்டாளத்தில் கழித்துவிட்ட பழைய டீசல் லாரியில் கல் வரும். அதன் டிரைவர் குள்ளமானவர், காதோரம் எப்போதும் கிரீஸ் கறை. எதைத் தொட்டாலும் விரலை முகர்ந்து பார்ப்பார்.

என் மனைவி பிரசவ வலியில் துடித்த அன்று கோயில் வாசலில் நின்ற அந்த லாரிதான் கிடைத்தது. கேபினில் ஏற்றியதும் எண்ணெய்ப் புகை சூழ்ந்து அவளுக்கு மூச்சு முட்டியது. டிரைவர் பானெட்டைத் தூக்கித் தடவி, விரலை முகர்ந்தார்.

"இஞ்சின் ஆயில் பொகைய வெளிய தள்ற ஓஸ் கியிஞ்சிட்ச்சி நைனா. ஒரு முயம் ரப்பர் ஓஸ் கீதா?"

இருந்தது. சுவாமி அபிஷேகத்துக்குத் தண்ணீர் போகும் குழாய், என் பொறுப்பில்.

"அது சாமியோடது," என்றேன்.

"அப்ப சாமியயே வந்து பிரசவம் பாக்கச் சொல்லு," என்று கத்தியை எடுத்தார். "நீ அந்தாண்ட திரும்பிக்கோ. யாராச்சும் கேட்டா, டிரைவர் அறுத்துக்கினு பூட்டான்னு சொல்லிடு."

திரும்பிக்கொண்டேன். அவர் பழைய ஓஸைக் கழற்றி, அறுத்த துண்டைச் செருகிக் கம்பியால் முறுக்கினார். புகை நின்றது. காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

ஊரார் கேட்டபோது அவர் சொல்லித் தந்ததையே சொன்னேன். இனி கோயில் வேலைக்கு வராதே என்று அவரை விரட்டினார்கள். போகும்போது, "கொயந்த நல்லா கீதா?" என்று மட்டும் என்னைக் கேட்டார். கோபமா, பாசமா, இன்றும் பிடிபடவில்லை.

இதை யாரிடமாவது சொன்னால் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அறுத்தவர் அவர். சீக்கிரம் அறுக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே திரும்பி நின்றவன் நான்.