பட்டனை அழுத்தியபடி

அனுமந்தன்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரத்திலேயே, அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒரு ஜீப் குடியிருப்பது தெரிந்துவிட்டது. ராணுவத்தில் ஓடி ஓய்ந்து ஏலத்தில் வந்த வண்டி. என் கணவர் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், ஸ்பேனரோடு அதற்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். பேச்சு குறைவு. “சரி”, “ம்”, “அப்புறம் பாப்போம்” என்ற மூன்றை வைத்துக்கொண்டே ஒரு நாளை ஓட்டிவிடக்கூடியவர். நான் உத்தமபாளையத்தில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கச் சத்தம், வீட்டுக்கு வந்தால் மௌனம் என்று பழகிக்கொண்டேன்.

அவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் போடியில் ஏலக்காய் வியாபாரி, எங்களைவிடப் பதினைந்து வயது மூத்தவர். இன்னொருவர் தேனியில் டயர் கடை வைத்திருந்தவர், என் கணவரைவிட இரண்டு வயது சின்னவர். மூவரிடமும் ஜீப் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தேனிக்காரர் சர்ச்சில் முதல் ஆராதனையை முடித்துக்கொண்டு வந்ததும் கிளம்புவார்கள். தார் ரோடு இருக்கிற பக்கம் போகமாட்டார்கள். குரங்கணி, வருசநாட்டுக்கு மேலே, மேகமலையில் கைவிட்ட தோட்டப் பாதைகள் என்று கல்லும் சேறுமாகத் தேடிப் போவார்கள். வேலை ஒன்றும் கிடையாது. போவது, மாட்டிக்கொள்வது, ஒருவரை ஒருவர் இழுத்துவிடுவது, திரும்பி வருவது. அவ்வளவுதான்.

ஒருமுறை குரங்கணிக்கு மேலே பாதை பிரிகிற இடத்தில் ஒரு வண்டி இடப்பக்கமும் ஒரு வண்டி வலப்பக்கமும் போய்விட்டது. இவர் அங்கே காத்திருக்க, போடிக்காரர் இங்கே காத்திருக்க, பொழுது போய்விட்டது. சாயங்காலம் என் கணவர் வீட்டுக்கு வந்தபோது போடிக்காரரின் மனைவி எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். நல்லவேளை, அரை மணி நேரத்தில் அவர் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்.

அதற்கு அடுத்த வாரம் தேனிக்காரர் ஒரு புத்தகத்தோடும் ஒரு கேசட்டோடும் வந்தார். கல்லூரியில் படித்த காலத்திலேயே அவர், சொந்தமாக வயர்லெஸ் செட் வைத்துப் பேசுவதற்கான ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியிருந்தார். அது தொண்ணூறுகளின் பிற்பகுதி. செல்போன் என்பதைப் பத்திரிகையில்தான் பார்த்திருந்தோம்.

“அண்ணே, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்குங்க. மலையில ஆளுக்கு ஒரு செட்டு வச்சுக்கிருவோம். லைசென்ஸ் இல்லாதவுக மைக்கத் தொடக்கூடாது, அத மட்டும் சொல்லிப்புட்டேன்” என்றார்.

போடிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “இந்த வயசுல என்னையப் பரீட்சை எழுத வைக்காத தம்பி.”

என் கணவர் கேசட்டை வாங்கி வைத்துக்கொண்டார். அதில் மோர்ஸ் சங்கேதம் இருந்தது. குட்டையாக ஒரு ஒலி, நீளமாக ஒரு ஒலி. இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்தால் எழுத்து. அதைக் கேட்டு எழுதவும் வேண்டும், தட்டிக் காட்டவும் வேண்டும். சாயங்காலம் டேப்ரிக்கார்டரைச் சமையலறை ஜன்னலில் வைத்து ஓடவிடுவார். எதையும் ஒரு தடவை பார்த்தால் கழற்றி மாட்டிவிடுகிற மனிதருக்கு அந்தச் சத்தம் மட்டும் பிடிபடவே இல்லை. எனக்கோ, தோசை சுட்டுக்கொண்டே கேட்டதில் பத்து நாளில் எழுத்தெல்லாம் மனசில் ஏறிவிட்டது. ஒருநாள் அவர் பென்சிலைக் கடித்துக்கொண்டு விழிக்க, நான் அடுப்படியிலிருந்தே எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீயும் எழுது” என்றார்.

இருவரும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதினோம். நான் தேறினேன். அவர் மின்சாரம், விதிமுறைகள் எல்லாவற்றிலும் தேறி, மோர்ஸில் தவறிவிட்டார். முடிவு வந்த அன்று, “வீட்டுல ஒருத்தருக்கு இருந்தாப் போதும்” என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். இரண்டு நாள் ஜீப் பக்கமே போகவில்லை.

லைசென்ஸ் வருவதற்கு முன்னால் போலீஸ் விசாரணை வந்தது. வந்த ஏட்டு என் கணவரிடம்தான் பேசினார்.

“வயர்லெஸ் வச்சு என்ன பண்ணப் போறீக? இங்கன மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. வருசநாட்டுப் பக்கம் கஞ்சா கேசு. எங்களுக்கு மேல எடத்துல ஆயிரத்தெட்டுக் கேள்வி கேப்பாக.”

“எனக்கு இல்ல. அவளுக்கு” என்று இவர் என்னைக் காட்டினார்.

ஏட்டு என்னைப் பார்த்தார். கையில் விடைத்தாள் கட்டோடு நின்றிருந்தேன். “டீச்சரம்மாவுக்கா?” என்றவர் எழுதிக்கொண்டிருந்ததை அடித்துவிட்டு மறுபடி எழுதினார். போகும்போது, தன் மகளுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்று சொல்லி அவளை என்னிடம் டியூஷனுக்குச் சேர்த்துவிட்டுப் போனார்.

லைசென்ஸ் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. தேனிக்காரர் அலுமினியக் குழாயில் ஆண்டெனா செய்து, தென்னை உயரத்துக்கு எங்கள் மொட்டைமாடியில் நிறுத்தினார். உள்ளே என் மேசையில் ஒரு செட். தேனிக்காரர் கையில் ஒரு சின்னச் செட். பள்ளத்தாக்கைப் பார்த்த மலைச்சரிவில் எங்கே நின்று கூப்பிட்டாலும் எனக்குக் கேட்கும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால் நான் செட்டுக்கு முன் உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் திருத்த வேண்டிய நோட்டுகள். எந்த இடம், எத்தனை மணி என்று நான் ஒரு நோட்டில் பதிந்துகொண்டே வருவேன். தேனிக்காரரும் தன் நோட்டில் பதிவார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் கணவர் மைக்கைத் தொடக்கூடாது. தேனிக்காரர் அந்த விஷயத்தில் இம்மியும் இளகமாட்டார். அதனால் இவர் சொல்ல நினைப்பதை அவர் சொல்லுவார்.

“டீச்சர், அண்ணன் சாப்பிட்டீகளான்னு கேக்கச் சொல்றாக. ஓவர்.”

வீட்டில் ஒருநாளும் இவர் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. “சாப்பிட்டேன்னு சொல்லுங்க. ஓவர்” என்பேன். கொஞ்ச நேரம் கழித்து, “என்ன கொழம்புன்னு கேக்காக. ஓவர்” என்று வரும். பின்னால் போடிக்காரர் சிரிக்கிற சத்தமும் வரும்.

அப்படி ஒரு வருடம் போனது. பிறகு ஒரு ஐப்பசி மாத ஞாயிறு. மூவரும் இரண்டு வண்டிகளில் மேகமலைக்குப் போயிருந்தார்கள். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பதினொன்றரைக்குத் தேனிக்காரர் கூப்பிட்டு, தன் வண்டி சேற்றில் இறங்கிவிட்டது, கம்பி வடம் போட்டு இழுக்கப் போகிறோம் என்றார். நான் நேரத்தைக் குறித்துக்கொண்டு நோட்டு திருத்தப் போனேன்.

கால் மணி நேரத்தில் செட்டு கரகரத்தது. வந்தது தேனிக்காரர் குரல் இல்லை.

“கேக்குதா? நான்தான். கேக்குதா?”

மைக்கை எடுத்துப் பதில் சொன்னேன். அவர் குரல் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. “வடம் அறுந்துருச்சு. தம்பி கால்ல அடிச்சிருச்சு. எலும்பு வெளிய தெரியுது. கேக்குதா?”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பேசும்போது பட்டனை அழுத்த வேண்டும், கேட்பதற்கு விட வேண்டும். இவர் அழுத்திய பட்டனை விடவே இல்லை. அவர் அழுத்தி வைத்திருக்கிற வரை என் குரல் அங்கே போகாது. அவர் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்கும், நான் சொல்வது ஒன்றும் அவருக்குக் கேட்காது. வெறும் மேசையைப் பார்த்து, “பட்டன விடுங்க, பட்டன விடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

போடிக்காரர் குரல் தூரத்தில் கேட்டது. “பதிலக் காணமே மாப்ள. தங்கச்சி வீட்டுல இல்லையோ என்னமோ.”

“எங்கயும் போகமாட்டா. நாம மலைக்கு வந்துட்டா செட்ட விட்டு எந்திரிக்க மாட்டா. போன மாசம் காச்சலோட ஒக்காந்திருந்தா. வீட்டுக்குப் போனதும் எப்பிடி இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல நானு. கேட்டிருக்கணும்.”

மைக் என் கையில் இருந்தது. பட்டனை விடச் சொல்வதை நிறுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு முனகல். அடிபட்டுக் கிடந்தவர்தான். “அண்ணே... பட்டன விடுங்கண்ணே.”

செட்டு அமைதியானது. நான் உடனே பேசினேன்.

“கேக்குது. எல்லாம் கேக்குது. சொல்லி முடிச்சதும் பட்டன விட்டுருங்க. ஓவர்.”

சின்னமனூரில் என் மாணவி ஒருத்தியின் அப்பா டாக்டர். டெலிபோனில் அவரைப் பிடித்தேன். ஒரு காதில் டெலிபோன், மறு கையில் மைக். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்: சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும், எலும்பை உள்ளே தள்ளப் பார்க்கக் கூடாது, காலுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்துக் கட்ட வேண்டும், குடிக்க எதுவும் கொடுக்கக் கூடாது. என் கணவர் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்தார். கட்டுவதற்குத் தன் வேட்டியைக் கிழித்ததாகப் பிறகு சொன்னார்கள். டாக்டர் தன் காரிலேயே தென்பழனிக்கு வந்து, மலை ரோடு தொடங்குகிற செக்போஸ்ட்டில் காத்திருப்பதாகச் சொன்னார்.

எங்கள் ஜீப்பைப் போடிக்காரர் ஓட்டினார். பின்னால் தேனிக்காரரின் காலை மடியில் வைத்துக்கொண்டு என் கணவர். அந்த ரோடு அப்போது ரோடே இல்லை. இவர் பட்டனை அழுத்துகிறபோதெல்லாம், வண்டி குழியில் இறங்கித் தேனிக்காரர் கத்துவது செட்டில் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கத்துவது நின்றது. அது இன்னும் பயமாக இருந்தது.

“தம்பிக்கு மயக்கம் வருது. பேசிக்கிட்டே இருக்கச் சொல்றாப்ள. என்ன பேச?” என்று என் கணவர் கேட்டார். பிறகு ஓவர் என்று சேர்த்துக்கொண்டார்.

“என்ன தெரியுதோ அதச் சொல்லுங்க. ஓவர்.”

சொன்னார். வாழ்நாளில் அவர் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை. “மூணாவது வளைவு. பனி மூடிக் கெடக்கு.” “ஏழாவது வளைவு. இப்ப வெளுத்துருச்சு, சின்னமனூர் தெரியுது. நம்ம திராட்சைத் தோட்டம் தெரியுதான்னு பாக்குறேன், தெரியல.” பள்ளிக்கூடத்தில் தான் வாங்கிய அடி, முதன்முதலில் ஜீப்பைக் கவிழ்த்தது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று செருப்பு மாற்றிப் போட்டுக்கொண்டு போனது என்று என்னென்னவோ வந்தது. பதினெட்டு வளைவுகளும் முடிந்து செக்போஸ்ட்டில் டாக்டர் கார் தெரிகிறது என்று அவர் சொன்னபோது மணி இரண்டேகால். நோட்டில் அதை எழுதிவிட்டுத்தான் நான் எழுந்தேன். அடுப்பில் வைத்த சோறு கரியாகியிருந்தது.

தேனிக்காரர் ஆறு மாதம் நடக்கவில்லை. காலில் கம்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு எப்போதும் லேசாகச் சாய்ந்துதான் நடந்தார். ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்க்கப் போனபோது அவர் முதலில் கேட்டது தன் நோட்டைத்தான். படுத்தபடியே அதில் எழுதினார்: அவசர நிலை, லைசென்ஸ் இல்லாதவர் பேசினார். எழுதிவிட்டு என் கணவரிடம் நீட்டினார்.

“படிச்சுப் பாருங்கண்ணே. அடுத்த தடவ பேசணும்னா பாஸ் பண்ணிட்டு வாங்க.”

அவர் கண் கலங்கியிருந்தது. இவர் நோட்டை வாங்கி, படித்துவிட்டு, “சரி” என்றார்.

நாங்கள் வீட்டுக்கு வந்ததும் செட்டில் கேட்டதைப் பற்றி நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. ஆனால் அடுத்த முறை எனக்குத் தலைவலி என்று படுத்தபோது, தைலத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது.

மூன்றாவது முயற்சியில் மோர்ஸில் தேறினார். லைசென்ஸ் வந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு நேராகக் கம்பம்மெட்டுக்குப் போய், மேலிருந்து கூப்பிட்டார். அத்தனை வருடக் காத்திருப்புக்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் செட்டுக்கு முன் உட்கார்ந்திருந்தேன்.

“கேக்குதா? ஓவர்.”

“நல்லாக் கேக்குது. ஓவர்.”

நான் நோட்டைத் திறந்து நேரத்தைக் குறித்தேன். பிறகு, “தோட்டத்துல மோட்டார நிறுத்திட்டியா? ஓவர்.”

சில வருடங்களில் பள்ளத்தாக்கு முழுக்கச் செல்போன் கோபுரங்கள் வந்துவிட்டன. போடிக்காரர் ஜீப்பை ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்ற விற்றுவிட்டார். தேனிக்காரர் மகளோடு கோயம்புத்தூருக்குப் போனார். நானும் செட்டைப் போடுவது குறைந்துபோனது. என் கணவர் மட்டும் விடவில்லை. ராமக்கல்மேட்டுக்குப் பக்கத்தில், மலை விளிம்பில் வீடு கட்டியிருந்த ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவர் அவருக்குச் சிநேகிதமானார்; மலையாள வழக்கப்படி இவர் அவரை ‘மாஷே’ என்பார். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குச் செட்டில் இவர் அரைகுறை மலையாளத்திலும் அவர் அரைகுறைத் தமிழிலும் பேசிக்கொள்வார்கள். மழை, மிளகு விலை, முல்லைப்பெரியாறு தண்ணீர், வாத்தியார் மனைவியின் மூட்டுவலி. முகம் பார்க்காமலே ஆறு வருடம் பேசினார்கள்.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் குமுளியில் நேரில் சந்திப்பது என்று முடிவானது. நானும் உடன் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் வாத்தியார் குடையோடு நின்றிருந்தார். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். உட்கார்ந்தார்கள். டீ வந்தது.

“சாப்பிட்டாச்சா?” என்றார் இவர்.

“ஆயி, ஆச்சு” என்றார் அவர்.

அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ரோட்டில் போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டே இன்னொரு டீ குடித்தார்கள். நான்தான் வாத்தியார் மனைவியின் மூட்டுவலி பற்றி விசாரித்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, மறுபடி கையைப் பிடித்துக்கொண்டு விடைபெற்றார்கள். பஸ்ஸில் இவர் முகம் வாடியிருந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வரும்போது ஏழாகப் பத்து நிமிடம் இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் செட்டைப் போட்டார். அந்தப் பக்கம் வாத்தியார் முன்பே வந்து காத்திருந்தார்.

“நீங்க இம்புட்டு ஒயரமா இருப்பீகன்னு நான் நெனைக்கல மாஷே. ஓவர்” என்று ஆரம்பித்தார் என் கணவர். மத்தியானம் சந்தித்ததைப் பற்றி அன்றைக்கு அவர்கள் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள்.