ஆட்டுக்காலுக்குத் துணையாக

எங்கள் குடும்பத்தில் ஓர் ஆட்டுக்காலுக்கு இருக்கும் மரியாதை ஆளுக்குக் கிடையாது. வெகுநாளாகவே எனக்கு இதில் சந்தேகம் உண்டு. கொரோனா வந்த வருஷம், ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, அந்தச் சந்தேகமும் தீர்ந்துபோயிற்று.

நான் பிறந்தது மேலப்பாளையம், வாழ்க்கைப்பட்டது தூத்துக்குடி மாவட்டத்து ஏரல். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணசந்தால் முழிக்கும்போது ஊர் வந்திருக்கும். நடுவில் மாவட்ட எல்லை என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அதுவரை ஞாபகம் இருந்ததில்லை. அந்த வருஷம் அதில் தடுப்பு வைத்து, போலீஸ்காரர்களுக்கு நாற்காலி போட்டு, தாண்டுவதற்கு இ-பாஸ் வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். ஒரே ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிற இரண்டு ஊர்க்காரர்கள் திடீரென்று வெளிநாட்டுக்காரர்களாகிவிட்டோம்.

வாப்பாவைப் பார்த்து மாசக்கணக்கில் ஆகியிருந்தது. உம்மா மவுத்தாகி அடக்கம் செய்த பிறகு வாப்பா என் காக்கா வீட்டில்தான் இருக்கிறார். காக்கா என்றால் என் உடன்பிறந்த அண்ணன். அதற்கு முந்தைய வருஷம் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, பிழைத்து எழுந்தார். அதன்பிறகு போனில் பேசும்போது குரல் இடையிடையே தேய்ந்துபோகும். நோன்புப் பெருநாளுக்குப் போக முடியவில்லை. மேலப்பாளையத்தில் தெருத்தெருவாகத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்காவது வாப்பா பக்கத்தில் ஒரு பொழுது உட்கார வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். புதுச்சேலை கேட்கவில்லை, பிரியாணி கேட்கவில்லை.

முதலில் என் மாப்பிள்ளையிடம், அதாவது என்னைக் கட்டியவரிடம், சொன்னேன். பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிறார். வாடிக்கைக்காரர்களிடம் மணிக்கணக்கில் பேசுவார். வீட்டில் முடிவெடுக்க வேண்டிய விஷயம் என்றால் மட்டும் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். "உம்மாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார். பத்தொன்பது வயதிலிருந்து நான் கேட்டுவருகிற ஒரே பதில் அதுதான்.

அவருடைய உம்மா, அதாவது என் மாமி, விஷயத்தைக் கேட்டதும் முக்காட்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள். நான் அப்போது எங்கும் போய்வந்திருக்கவில்லை, அடுப்படியிலிருந்துதான் வந்தேன்.

"மேலப்பாளையத்துக்கா? அங்கன போயிட்டு வந்தியன்னு தெரிஞ்சா நம்ம தெருவையே அடச்சிருவானுவ. கடையைப் பூட்டணும். ஒரு பய துணி எடுக்க வரமாட்டான்" என்றாள்.

என்னைப் பெண் பார்க்க வந்தபோது, மேலப்பாளையத்து ஆட்கள் மாதிரி நாகரிகமான ஆட்கள் உண்டா என்று வாயாரச் சொன்ன அதே மாமி. சரி, போகட்டும். அடுத்ததாக அவள் கேட்டதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. என் வாப்பா உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பாள் என நினைத்தேன். "அப்பம் இந்த வருஷம் கால் வருமா, வராதா?" என்று கேட்டாள்.

இந்தக் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெருநாளைக்கு ஆடு அறுத்துக் குர்பானி கொடுத்தால் கறியை வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கு, இல்லாதவர்களுக்கு என்று மூன்று பங்காக வைப்போம். அது மார்க்கம், எங்கள் மதம் விதித்தது. ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் பின்னத்தங்கால் ஒன்று முழுசாக, வெட்டாமல், தாம்பாளத்தில் வைத்துத் துணி மூடிப் போக வேண்டும். இதை மார்க்கம் சொல்லவில்லை, எங்கள் ஆட்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதனால்தான் அதை மட்டும் ஒருவரும் விடமாட்டேன் என்கிறார்கள். தொழுகையைத் தவறவிட்டவன் கூட இந்தக் காலைத் தவறவிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் கொழுந்தனுக்கு இ-பாஸ் விஷயத்தில் பெரிய ஞானி என்று நினைப்பு. கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் சேக்காளி ஒருவன் இருக்கிறான், அந்தத் தைரியம். கல்யாணம், மவுத்து, வைத்தியம் இந்த மூன்றுக்குத்தான் பாஸ் கிடைக்கும் என்றான். பெருநாள் அதில் கிடையாது. பெற்ற தகப்பனைப் பார்ப்பதும் கிடையாது.

"மைனி, மவுத்துன்னு போட்டா டக்குன்னு கிடைக்கும்" என்றான்.

"யாரு மவுத்து?"

"உங்க வாப்பான்னே போட்டுருவோம். ரத்த சொந்தம்லா, ஒரு கேள்வி கேக்கமாட்டான்."

வெற்றிலை பாக்கு வாங்கிவரச் சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னான். எனக்கு வந்த ஆத்திரத்தில், "உன் வாப்பான்னு போடேன்" என்றேன். அவனுடைய வாப்பா, அதாவது என் மாமா, அப்போது அங்கேதான் முறுக்கைக் கடித்துக்கொண்டு இருந்தார். மூன்று நாள் வீட்டில் என்னோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மூன்று நாளும் நிம்மதியாகத்தான் இருந்தது.

மேலப்பாளையத்தில் என் காக்கா இன்னும் ஒருபடி மேல். சவூதியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். திரும்பியதிலிருந்து குடும்பத்துக்கே தலைமை தாங்குவதுபோல் ஒரு நடை. போனில் என்னையும் சென்னையில் இருக்கும் என் ராத்தாவையும், அதாவது அக்காவையும், ஒன்றாகக் கூப்பிட்டு, பெருநாளைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்று கூட்டம் நடத்தினார். பேசியதெல்லாம் அவர்தான். வாப்பாவுக்கு வயசாகிவிட்டது, நெஞ்சில் கோளாறு இருக்கிறது, வெளியாட்கள் யாரும் கிட்டத்தில் வரக்கூடாது, டாக்டரே சொல்லிவிட்டார் என்றார்.

"நான் வெளியாளா காக்கா?" என்று கேட்டேன்.

"வெளியூர்லேருந்து வந்தா வெளியாளுதான். ஏளா, கோவப்படாத. வாப்பா உசுரு முக்கியமா, ஒன் ஆசை முக்கியமா?"

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. என் மாப்பிள்ளையின் கடைக்குப் பத்துப் பேர் வந்துபோகிறார்கள். அதில் எவனோ விட்டுச்சென்றதை நான் கொண்டுபோய் வாப்பாவிடம் கொடுத்துவிட்டால்? அந்தக் கூட்டத்திலேயே உண்மையான பயம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் தெரு என்ன சொல்லும், ஊர் என்ன சொல்லும் என்ற பயம். காக்கா என்னுடைய பயத்தை எடுத்து அவருடைய காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார். சரி, நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மூச்சில் அவர், "ஆனா கால் வந்துரும், கவலப்படாத. நானே கொண்டாந்து தாரேன்" என்றார்.

"கால் வரலாம், நான் வரக்கூடாதா?"

"கால் அனுப்பலேன்னா ஏரல்காரங்க நம்மள என்ன நினைப்பாங்க? நாளைக்கு எம் மவளக் கட்டிக் குடுக்கணும்லா."

ராத்தா இடையில் கனைத்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆடு செத்த பிறகும் எல்லை தாண்டலாம். ஆள் உயிரோடு இருந்தால் தாண்டக்கூடாது. நான் போனை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன்.

பெருநாள் வந்தது. தொழுகை வீட்டிலேயே முடிந்தது. ஆடு அறுத்து, பங்கு வைத்து, குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது தெருவில் காக்காவின் வெள்ளைக் கார் வந்து நின்றது. மாமி வாசல் நடைக்கு ஓடினாள். அவள் அத்தனை வேகமாக நடந்து அதற்குமுன் நான் பார்த்ததில்லை. காக்கா முகக்கவசம், அதற்குமேல் கண்ணாடித் தடுப்பு, கையில் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு, வெடிகுண்டை எடுப்பவர்போல டிக்கியிலிருந்து தாம்பாளத்தை எடுத்தார். முற்றத்தில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்று சலாம் சொன்னார்.

மாமி துணியை விலக்கினாள். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தாள்.

"இது முன்னத்தங்காலுல்லா?" என்றாள்.

அதோடு தொடங்கியது. காக்கா இல்லவே இல்லை என்றார். அறுத்தவர் அவசரத்தில் மாற்றிக் கட்டியிருப்பார் என்றார். கொரோனா காலத்தில் கசாப்புக்காரர் கிடைப்பதே பெரிய பாடு என்றார். மாமா வந்து குனிந்து பார்த்தார். கொழுந்தன் வந்து படம் எடுத்தான். என் மாப்பிள்ளை வந்தார்; யார் பக்கமும் பேசாமல் தாம்பாளத்தைப் பார்த்தபடியே நின்றார். மாமி, "எங்களுக்கு முன்னங்காலு போதும்னு நினைச்சிட்டாங்க போல" என்று காற்றைப் பார்த்துச் சொன்னாள். கிட்டத்தில் வரக்கூடாது, ஆறடி தள்ளி நிற்க வேண்டும் என்று இத்தனை நாள் பேசியவர்கள் அத்தனை பேரும் அந்தக் காலைச் சுற்றித் தலையோடு தலை முட்ட நின்றார்கள்.

இந்தக் கேவலத்தைப் பார்க்க மனமில்லாமல் தெருப்பக்கம் திரும்பினேன். காரின் முன்சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, மடியில் ஆஸ்பத்திரி ஃபைல்.

வாப்பா.

விழுந்தடித்து ஓடினேன். கார் பக்கத்தில் போனதும் பயம் வந்து, முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு தள்ளி நின்றேன். வாப்பா கண்ணாடியை இறக்கினார்.

"என்ன வாப்பா இது? எங்க கூட்டிட்டுப் போறாங்க? உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பின்னால ஏறு. எல்லாக் கண்ணாடியையும் எறக்கி விடு" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். வாப்பா சொல்லச் சொல்லத்தான் விஷயம் புரிந்தது. ஆட்டுக்காலுக்குப் பாஸ் கொடுக்க மாட்டார்கள் அல்லவா? அதனால் நோயாளியை வைத்தியத்துக்குத் தூத்துக்குடிக்குக் கூட்டிப்போகிறோம் என்று பாஸ் எடுத்திருக்கிறார் காக்கா. தூத்துக்குடிக்காரர்களே வைத்தியத்துக்கு எங்கள் மேலப்பாளையம் பக்கம்தான் வருவார்கள். அங்கே பக்கத்தில் வண்ணார்பேட்டையில் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரியில்தான் விழ வேண்டும். பாஸ் கொடுத்தவர்களுக்கும் அது தோன்றவில்லை, எல்லையில் நின்ற போலீஸ்காரருக்கும் தோன்றவில்லை. வாப்பாவின் உயிர் முக்கியம் என்று என்னை வரவிடாதவர், அதே வாப்பாவைக் காரில் வைத்து, அத்தனை பேர் மூச்சு விடுகிற சோதனைச் சாவடி வழியாக, ஒரு முன்னத்தங்காலைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "காக்காவ இன்னைக்கு நாலு வார்த்த கேக்காம விடமாட்டேன். ஒங்கள எப்படி இப்படிக் கூட்டிட்டு வரலாம்?" என்று கதவைத் திறக்கப் போனேன்.

"ஏளா, இரு. அவனுக்கு இதெல்லாம் தோணுமா? நாந்தான் சொன்னேன்" என்றார் வாப்பா.

"என்ன சொன்னிய?"

"எம் மவளப் பாக்கணும், கூட்டிட்டுப் போன்னு ஒரு மாசமாச் சொல்லுதேன். டாக்டரு, போலீசு, பாஸுன்னு சட்டம் பேசுதான். அப்புறம் பைய ஒரு நாளு, கால் போகலேன்னா சம்பந்தி வீட்ல கேவலமாப் பேசுவாங்களேன்னு சொன்னேன். அன்னைக்கே கம்ப்யூட்டர் கடைக்கு ஓடிட்டான். என்ன காரணம் போடன்னு முழிச்சான். நான் ஒருத்தன் நோயாளி இருக்கேன்லா, என்னையப் போடுன்னேன்."

சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டார். முகக்கவசத்துக்கு மேலே கண் இரண்டும் சிரித்தன. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்தக் குடும்பத்தில் பெற்ற மகளைப் பார்க்க ஒரு மனிதர் ஆட்டுக்காலுக்குத் துணையாகத்தான் வர வேண்டியிருக்கிறது. மகனை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார். நான் இத்தனை வருஷமாகக் காக்காவைத் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். வாப்பா அவரைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டார்.

பின்சீட்டிலிருந்து கையை நீட்டி அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்டேன். மருமகள் நன்றாகக் கவனிக்கிறாள், குழம்பில் மட்டும் உப்பில்லை என்றார். உம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். பேச வேண்டியது அதற்குமேல் எவ்வளவோ இருந்தது.

அதற்குள் முற்றத்தில் வழக்கு முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் பின்னத்தங்கால் இரண்டு வரும் என்று காக்கா வாக்குக் கொடுத்திருக்கிறார். மாமி மனமிரங்கித் தாம்பாளத்தை உள்ளே எடுத்துப்போகச் சொன்னாள். காக்கா சாவியை ஆட்டிக்கொண்டு காரை நோக்கி வந்தார். அவருக்குப் பின்னால் மாமா, கொழுந்தன், என் மாப்பிள்ளை எல்லாரும் வழியனுப்ப வந்தார்கள்.

"வாப்பா, போவமா? நேரமாச்சு. ஏளா, எறங்கு, வாப்பா பக்கத்துல உக்காராதன்னு எத்தன தடவ சொல்லுதேன்" என்றார் காக்கா.

வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இருமினார். சாதாரண இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்த இருமல்.

காக்கா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். சாவி ஆடவில்லை. கொழுந்தன்தான் முதலில் ஓடினான். மாமா அவனுக்குப் பின்னால். என் மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், வாப்பாவைப் பார்த்தார், வாழ்க்கையிலேயே முதல்முறையாக உம்மாவைக் கேட்காமல் ஒரு முடிவெடுத்து உள்ளே போனார். மாமி கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் தெருவரை கேட்டது. காக்கா எதிர்வீட்டு வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டு, அங்கிருந்தே, "வாப்பா, தண்ணி குடிங்க, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கத்தினார்.

தெருவில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருமில்லை. பெருநாள் வெயில் சீட்டில் வந்து விழுந்தது. நான் ஆசைப்பட்ட மாதிரியே வாப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

வெகுநேரம் கழித்துக் காக்கா மரத்தடியிலிருந்து ஓரடி எடுத்து வைத்தார்.

"என்னம்மா, இன்னொண்ணு இருமவா?" என்று கேட்டார் வாப்பா.

"இருமுங்க வாப்பா" என்றேன்.