காளியாயி அணைத்த அடுப்பு

என் தங்கை காளியாயியைப் பற்றி எங்கள் மலையூர் கூக்காலில் பலவிதமாகப் பேசுகிறார்கள். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஆனால் அன்று கூடவே இருந்தவன். பார்த்ததை எழுதுகிறேன்.

1961 ஐப்பசி. மழை ஒன்பது நாளாக விடவில்லை. எங்கள் மலையில் மேலே இடுப்பளவு கறுப்பு மண், அடியில் வழுக்குப் பாறை. பெய்கிறதை மண் குடித்துக்கொண்டே இருக்கும். தாங்காமல் போனால் பாறைமேல் சறுக்கும். காளியாயி வீடு சரிவின் அடியில். அதற்கு மேலே நான்கு அடுக்காகப் பூண்டுக் காடு, அதற்கும் மேலே ஊற்று.

அன்று காலை வெறுங்குடத்தோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணே, ஊத்து நின்னுபோச்சு. இத்தன மழையில எப்படி நிக்கும்? தண்ணி பூராம் உள்ளுக்குள்ளயே கெடக்கு."

போய்ப் பார்த்தேன். ஊற்றுக்கு மேலே புல்லில் வெடிப்பு. நீளம் இருபத்திரண்டு தப்படி. நான்கு விரல் உள்ளே போயிற்று.

வீட்டைக் காலி செய்யச் சொன்னோம். அவள் புருஷன் திருமலைச்சாமி அசையவில்லை. பரணில் நாற்பது கட்டு விதைப்பூண்டு தொங்கியது. மழை விட்டதும் நடவேண்டியது. அடுப்புப் புகை விடாமல் ஏறினால்தான் அது அழுகாது. மழையில் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. அதனால் மழைக்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் வீட்டை விட்டுப் போவதில்லை.

"நீயும் புள்ளைகளும் மச்சான் வீட்டுக்குப் போங்க. நான் தீயப் பாத்துக்கிறேன்."

"மல எறங்கி வந்தா?"

"வந்தா அதுக்கும் ஒரு சுக்குக்காப்பி போட்டுத் தாரேன். போ புள்ள."

அவள் கூரைத் தண்ணீர் பிடித்திருந்த அண்டாவை இழுத்துவந்து அடுப்பில் கவிழ்த்தாள். சாம்பல் கூரைவரை எழும்பியது. அடுத்த குடத்தைக் காய்ந்த விறகின்மேல் ஊற்றினாள். எரிகிற அடுப்பில் தண்ணீர் ஊற்றுவது எங்களுக்கு இழவு விழுந்த மாதிரி.

"குடியக் கெடுத்திட்டியேடி!" கை ஓங்கியவர், என்னைப் பார்த்து இறக்கினார்.

"இனி இங்க ஒங்களுக்கு என்ன சோலி இருக்கு? வெரசாக் கெளம்புங்க."

கிளம்பினோம். மதியம் மலை சரிந்தது. மேல் மூன்று அடுக்கும் ஊற்றும் போயின. நான்காம் அடுக்கில் மண் நின்றுவிட்டது. மழை விட்டபின் கயிறு பிடித்து அளந்தேன்: வீட்டுப் பின்சுவருக்குப் பதினோரு அடி. வீட்டில் ஓர் ஓடுகூட உடையவில்லை. பூண்டு மொத்தமும் பூசணம்.

ஆறு வருஷமாக மாப்பிள்ளை திருமலைச்சாமி டீக்கடையில் சொல்வது ஒன்றுதான்: "வீடு நின்னுச்சு, வெதைதான் போச்சு." தண்ணீர்க் குழாயடியில், "மலைய வெரட்டுனவ வாரா, வழி விடுங்கடி" என்று பெண்கள் கேலி பேசுவார்கள். என் தங்கையைப் போல அந்த நேரத்தில் முடிவெடுக்க இவர்களில் ஒருத்தியால் முடியாது. அவளோ யாருக்கும் பதில் சொல்வதில்லை.

என்னிடம் மட்டும் போன வாரம் கேட்டாள். "பதினோரு அடின்னு நீதானண்ணே அளந்த. நான் கொஞ்சம் பொறுத்திருக்கணுமோ?"

"அவ்வளவுல நிக்கும்னு அன்னிக்கு யாருக்குத் தாயி தெரியும்?"

 அப்போது மாப்பிள்ளை மண்வெட்டியோடு எங்களைத் தாண்டிப் போனார்.  அவர் வளைவு திரும்பும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.