சரி என்று ஆட்டிய தலை

முதலாண்டு நினைவுப் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் எல்லாரும் எல்லாரையும் புகழ்ந்துதான் எழுதுவார்கள். அண்ணனைப் புகழத் தங்கை எனக்கு நிறைய இருக்கிறது. மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது மனசு கசக்கிறது. கசப்போடுதான் எழுதியிருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது தூத்துக்குடியில், கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே. அப்பா துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டினார். அந்தக் காலத்தில் சோவியத் கப்பல்கள் வரும். அந்த மாலுமிகளோடு அப்பா கைச்சாடையில் பேசிப் பழகியதைப் பார்த்துத்தான் அண்ணனுக்கு ரஷ்ய மொழிமேல் ஆசை வந்தது. உதவித்தொகை கிடைத்து, மருத்துவம் படிக்க ஒரு மலைநாட்டுக்குப் போனார். அப்போது அது சோவியத்தின் ஒரு பகுதி. அம்மா ஒரு டப்பா முந்திரி மக்ரூனைக் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த மக்ரூனில் பாதியைத் தின்றவர், விடுதியில் அண்ணனோடு ஒரே அறையில் இருந்த உள்ளூர் மாணவர். பின்னாளில் அந்த நாட்டின் பாதுகாப்பு அமைச்சரானவர் அவர்தான். படித்தது இயற்பியல், பார்த்தது ஒரு மலையூரில் வாத்தியார் வேலை. சோவியத் சிதறியதும் பக்கத்து நாட்டோடு எல்லைச் சண்டை மூண்டது. வாத்தியார் ஊர்க்காரர்களின் வேட்டைத் துப்பாக்கிகளைத் திரட்டி ஒரு பாலத்தைக் காத்து நின்றார். பாலம் தப்பித்தது. புது நாட்டுக்குப் படையும் இல்லை, படை நடத்தத் தெரிந்த ஆளும் இல்லை. ஒரு வருடத்துக்குள் அவரையே அமைச்சராக்கிவிட்டார்கள். சுவரெல்லாம் அவர் படம். அண்ணன் எங்களுக்கு எழுதிய கடிதங்களில் அவ்வளவு பெருமை.

படித்து முடித்த மற்ற இந்திய மாணவர்கள் ஊர் திரும்பினார்கள். அண்ணன் திரும்பவில்லை. எல்லையூர் ஆஸ்பத்திரியை நீதான் பார்க்க வேண்டும் என்று அமைச்சர் கேட்டுக்கொண்டாராம். அம்மா இங்கே மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இங்கே உறவுக்காரர்கள் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "ஒங்க அண்ணனுக்குக் கூட்டாளி மந்திரிதான, எம் மவனுக்கு ஒரு டாக்டர் சீட்டு கேக்கச் சொல்லு" என்று வீடு தேடி வந்தீர்கள். குண்டு விழுகிற ஊரில் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எதிரிப்படை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பனிக்காலத்தில் அமைச்சர் நேரிலேயே ஆஸ்பத்திரிக்கு வந்தார். அண்ணன் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. முகத்தில் துணி கட்டி, ஒருவரின் வயிற்றுக்குள் கையை வைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஜெனரேட்டர் சத்தம். அமைச்சர் வாசலில் நின்று, லாரிகள் அனுப்புகிறேன், காயம்பட்டவர்களை இப்போதே ஏற்றிவிடலாமா என்று கத்திக் கேட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். நாம் எல்லாரும் சரி என்பதற்கு ஆட்டுகிற மாதிரிதான், இடமும் வலமுமாக. அத்தனை வருடம் அங்கே இருந்தும், அந்த அசதியில் தூத்துக்குடித் தலைதான் ஆடியது.

அந்த நாட்டில் தலை பக்கவாட்டில் ஆடினால் முடியாது என்று அர்த்தம். அமைச்சர் லாரிகளை வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார். மூன்றாம் நாள் ஊர் விழுந்தது. நடக்க முடிந்தவர்கள் அண்ணனோடு பனியில் நடந்து தப்பித்தார்கள். நடக்க முடியாதவர்கள் கட்டிலிலேயே கிடந்தார்கள். அவர்களில் ஒருவரும் திரும்பி வரவில்லை.

அண்ணன் நேரே அமைச்சரிடம் போய், நான் சரி என்றுதான் சொன்னேன் என்றார். நீ மறுத்ததை என் கண்ணால் பார்த்தேன் என்றாராம் அவர். நாடாளுமன்றம் விசாரணை வைத்தது. அமைச்சர் அங்கேயும் அதையே சொன்னார்: மருத்துவர் மறுத்தார், அவர் வெளிநாட்டுக்காரர். ஒரே தட்டில் சாப்பிட்ட அண்ணன் அன்றுதான் வெளிநாட்டுக்காரர் ஆனார். அப்படிச் சொல்லியும் அமைச்சருக்குப் பதவி தங்கவில்லை. வேறு தேசத்துக்குப் போய்விட்டார். அண்ணன் ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தார்.

பிறகு தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் சின்னதாக ஒரு கிளினிக். நீங்கள் "ரஷ்யா டாக்டர்" என்றீர்கள். எதைக் கேட்டாலும் தலையை அசைக்காமல் ஆமா, இல்ல என்று வாய்விட்டே சொல்வதைப் பார்த்து "ஆமா டாக்டர்" என்றும் சிரித்தீர்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் சிரித்திருக்கிறேன். பல வருடம் கழித்து ஒருநாள் பீச் ரோட்டுக் கடையில் நாங்கள் நிற்கும்போது ஒரு வெளிநாட்டு மாலுமி பழம் கேட்டார். கடைக்கார அண்ணாச்சி சரி என்று தலையை ஆட்டிவிட்டு எடுக்கத் திரும்பினார். பழம் இல்லை என்கிறார் என்று நினைத்து மாலுமி போய்விட்டார். அண்ணன் அங்கேயே அழுதார். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏளா, நான் சரின்னுதான் தலைய ஆட்டுனேன். அவன் மாட்டேன்னு எடுத்துக்கிட்டான். பொறவு எத்தன மட்டம் சொல்லியும் அவன் கேக்கல."

கல்யாணம் வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு நீங்கள் கட்டிய கதைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை.

போன வருடம் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அங்கே ஆட்சி மாறி, பழைய அமைச்சரைத் திரும்ப அழைத்து மரியாதை செய்யப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. பழைய விசாரணைக் கறையைத் துடைக்க அவருக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. வீடியோவில் கூப்பிட்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. முதலில் மக்ரூனை விசாரித்தார். பிறகு ஆங்கிலத்தில் என்னிடம் விஷயத்தைச் சொன்னார்: அன்று லாரிகளை மறுத்தது தான்தான் என்று அண்ணன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். இத்தனை வருடத்தில் அண்ணன் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வரி எழுதாத மனிதர்.

நான் போனை அண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அண்ணே, இவரு கேக்க மாதிரி கையெழுத்து போடுதியளா?"

அண்ணன் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியது. முப்பது வருடமாக அசையாத தலை மெல்ல ஆடியது, இடமும் வலமுமாக.

சரி என்கிறார். எனக்குத் தெரியாதா? பழைய அமைச்சர் முகம் சுருங்கியது. மறுக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். அன்று அந்த ஆஸ்பத்திரியில் அவருக்கு விளக்கிச் சொல்ல ஒரு தமிழ் ஆள் இல்லை. இப்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். நான் வாயைத் திறக்கவில்லை. அவராகவே போனை வைத்துவிட்டார்.

அண்ணனைக் கடைசி வரை குளிப்பாட்டி, உணவூட்டிப் பார்த்துக்கொண்ட நர்ஸ் தங்கைக்கும், கேட்டபோதெல்லாம் வண்டியோடு வந்த ஆட்டோ அண்ணாச்சிக்கும், அடக்கத்தன்று மழையில் நின்ற புதுக்கோட்டை நோயாளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மற்றவர்கள் வந்ததற்கும் நன்றி.

போனை வைத்தபோது அந்த நர்ஸ் தங்கையும் அறையில் இருந்தாள். "டீச்சரக்கா, டாக்டர் சரின்னுல்லா சொன்னாவ?" என்று கேட்டாள். ஆமா என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, நான் செய்தது சரியா என்று கேட்டேன். அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் கேட்டேன்.

அண்ணன் என்னைப் பார்த்தார். தலையை மட்டும் அசைக்கவேயில்லை.