மேலே பத்துப் படி

என் அக்காள் அமலம்மாளின் கணவர் ஆரோக்கியநாதன் தண்ணீர்மலையில் பதினோரு வருஷம் ஜாகாவாக இருந்தார். மற்ற காவல்காரர்கள் கிடங்கையோ பங்களாவையோ காத்தார்கள். இவர் காத்தது ஓடுகிற தண்ணீரை. மலையிலிருந்து இறங்கும் ஓடை இவருடைய வீட்டை ஒட்டித்தான் நீர்த்தேக்கத்தில் விழும். அங்கிருந்து குழாய் வழியாகப் பட்டணத்துக்குப் போகும். வீட்டுக்குக் கீழே பொதுமக்களுக்கான பூங்கா: குளிக்க ஒரு குட்டை, உட்கார பெஞ்சுகள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேண்டு வாத்தியம். வீட்டுக்கு மேலே காடு. அனுமதிச் சீட்டு வாங்கியவர்கள் அவரோடு நடந்துபோய் அருவியைப் பார்க்கலாம். தண்ணீரில் விரல்கூட வைக்கக் கூடாது.

இந்த விஷயத்தில் மனுஷன் மகா கறார். ஒரு வெள்ளைக்காரத் துரை சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓடையில் கால் நனைக்கப் போனபோது, "நோ லெக் சார், நோ லெக்" என்று குறுக்கே போய் நின்றவர். கிளையில் உட்கார்ந்து ஒன்றுக்கிருக்கும் குரங்கைக்கூட முறைப்பார். வீட்டில் ஒரு கைக்குட்டையைக் கசக்குவதானாலும் வாளியில் போட்டு, பூங்காவைக் கடந்து, கீழே உள்ள கல்லுக்குத்தான் தூக்கிக்கொண்டு போகவேண்டும். தண்ணீருக்குத் தாலி கட்டினவர் என்று நான் அவரைக் கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர்களுடைய இரண்டு வயது மகள் அக்னஸுக்குக் காலையிலிருந்தே வயிற்றுப்போக்கு. பிள்ளை அக்காளின் கழுத்தை விடவில்லை. அழுக்குத் துணி வாளி நிறையச் சேர்ந்து ஈ மொய்த்தது. ஆரோக்கியநாதன் வாளியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். கீழே பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. தொப்பி வைத்த துரைகள், குடை பிடித்த சீமாட்டிகள், பிள்ளைகுட்டிகளோடு சீனக் குடும்பங்கள். இருநூறு பேராவது இருப்பார்கள். கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிச் சட்டையில் அவர்களை அதட்டிவிட்டு வந்திருந்தார். அதே சட்டையோடு பீத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவே நடக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. மேலே பத்துப் படி ஏறினால் ஓடை. அங்கே யாருமில்லை. அவர் மேலே போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டத்தோ கெராமாட் நிறுத்தத்தில் என் டிராமில் ஏறினார். நான் டிராமில் டிக்கெட் கிழிப்பவன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. உட்காரவில்லை. என் காதருகே வந்து, "டவுன்ல யாருக்காச்சும் பேதியா, ரேமண்டு?" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லே மச்சான். ஏன் கேக்கறீங்க?"

ஓடையில் துணி அலசியதிலிருந்து எல்லாவற்றையும் அடுத்த மூன்று நிறுத்தங்களுக்குள் சொல்லிவிட்டார். அன்று காலையிலிருந்து அக்னஸுக்கு வாந்தியும் சேர்ந்துகொண்டதாம், கண் குழிவிழுந்துவிட்டதாம். போன வாரம்தான் ஒரு கப்பல் மஞ்சள் கொடியோடு துறைமுகத்துக்கு வெளியே நின்றது. காலரா என்று பட்டணம் முழுக்க ஒரே பேச்சு.

"துரைகிட்ட சொல்லிடட்டுமா?" என்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? சொன்னா வேலையும் போச்சு, வீடும் போச்சு. பிள்ளையை ஜெரெஜாக் தீவு நோய் முகாமுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாங்க. அக்கா தாங்குவாளா? அது ஓடுற தண்ணிதான்லா. ரெண்டு நாளாச்சு, இந்நேரம் கடலுக்கே போயிருக்கும். வாயை மூடிட்டு இருங்க."

"குடிச்சவங்க வயித்துல இருந்தா?"

நான் அடுத்தவருக்கு டிக்கெட் கிழித்தேன். எனக்கும் என் பயம் இருந்தது. டிராமும் தண்ணீரும் ஒரே நகராட்சி. அவர் மாட்டினால் என் வேலைக்கும் வேட்டு வரும். சூலியா தெரு முனையில் இறங்கியவர் அங்கேயே நின்று, போகிற வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். டிராம் நகர்ந்த பிறகும் அப்படியேதான் நின்றுகொண்டிருந்தார்.

ஐந்து மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். எங்கள் சந்துக்குப் பொதுவாக ஒரு குழாய். என் மகள் ஆலிஸ் அதன் கீழே குனிந்து, இரண்டு கையாலும் ஏந்திக் குடித்துக்கொண்டிருந்தாள். தினமும் பார்க்கிற காட்சிதான். ஓடிப்போய் அவள் கையைத் தட்டிவிட்டேன். பிள்ளை மிரண்டு அழுதது.

"எத்தனை வாய் குடிச்சே?"

"மூணு" என்றாள் விம்மிக்கொண்டே.

என் மனைவி வெளியே வந்து, "தண்ணி குடிச்சதுக்கா பிள்ளையை அடிக்கறீங்க?" என்றாள். மூன்று வாய் மட்டுமா? ஞாயிறு, திங்கள், இன்று. சோறு வடித்ததும் அவளைக் குளிப்பாட்டியதும் இதே தண்ணீரில்தான். 'குடிச்சவங்க' என்று அவர் சொன்னபோது, அவர்களில் என் பிள்ளையும் இருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்ன மனிதன் நான் என்று என்மேலேயே அருவருப்பு வந்தது.

மலைக்குப் போய், உடனே மூடச் சொல்லவேண்டும் என்று கிளம்பினேன். அதற்குள் குழாயடியில் பெண்கள் சத்தம் போட்டார்கள். தண்ணீர் நூலாக இளைத்து, இரண்டு தரம் இருமி, நின்றுவிட்டது. யார் மூடியது என்று அந்தச் சந்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீர்த்தேக்கத்தின் குழாய்க் கதவைத் திருகி மூடிவிட்டு, ஆரோக்கியநாதனே நகராட்சி அலுவலகத்துக்கு நடந்துபோய்ச் சொல்லியிருக்கிறார். அன்று மாலையே அக்னஸையும் அக்காளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று நாள் யாருக்கும் ஒரு தகவலும் இல்லை. அந்த மூன்று நாளும் ஆலிஸ் கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே நின்றேன். தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். நான்காம் நாள்தான் அது காலரா இல்லை, சாதாரண வயிற்றுக் கடுப்பு முற்றியது என்று டாக்டர் சொன்னார். அக்னஸ் பிழைத்தாள். அந்தத் தண்ணீரால் பட்டணத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சொந்தக்காரன் என்று என்னையும் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். துரை கேட்டதைத் தலைமைக் குமாஸ்தா குலசேகரம் தமிழில் சொன்னார். யாழ்ப்பாணத்துக்காரர், தவறிக்கூடச் சிரிக்காதவர்.

"ரெண்டு நாள் ஏன் சொல்லாமல் இருந்தனீர் எண்டு துரை கேட்கிறார்."

"பயந்துட்டேங்க" என்றார் ஆரோக்கியநாதன்.

"இந்த விசயம் வேற ஆருக்கும் தெரியுமோ? ஆரும் உமக்குச் சொல்லவேண்டாமெண்டு சொன்னவையோ?"

நான் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன். ஆரோக்கியநாதன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் தெரியாதுங்க. நான்தான்."

குலசேகரம் அதை எழுதிக்கொண்டு என்னைப் பார்த்தார். "நீர் ஏதும் சொல்லக் கிடக்கோ?"

"இல்லைங்க" என்றேன்.

அந்த மாதக் கடைசியில், வேலையும் வீடும் போய், அவரும் அக்காளும் அக்னஸைத் தூக்கிக்கொண்டு தாசேக் கெலுகோர் தோட்டத்துக்கு ரப்பர் மரம் சீவப் போனார்கள். நான் அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் டிராமில் டிக்கெட் கிழித்தேன்.